பிள்ளைக்கு வெறும் சளியா, மூச்சுத் திணறலா? ராத்திரியில் வீட்டிலேயே பார்த்து முடிவெடுக்கும் முறை

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது இருமிக்கொண்டிருக்கும். மழை விட்டால் மார்கழிப் பனி. பனி விலகுவதற்குள் சம்பா அறுவடைத் தூசி, களத்து வைக்கோல், ரோட்டில் காயும் நெல். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் 25 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரியில் கதவைத் தட்டுவது நிற்கவில்லை. கேள்வியும் மாறவில்லை. "நர்சம்மா, புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. இப்பவே தூக்கிட்டுப் போவணுமா, விடிஞ்சு போனாப் போதுமா?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். என்ன நோய், என்ன மருந்து என்பது டாக்டரின் வேலை. எவ்வளவு அவசரம் என்பதை மட்டும், ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளையின் அம்மாவோ அப்பாயியோ ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். நல்ல வெளிச்சம், செல்போன் ஸ்டாப்வாட்ச், கொஞ்சம் பொறுமை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருமிக்கொண்டே திண்ணைக்கும் கொல்லைக்கும் ஓடுகிற பிள்ளையைப் பார்த்து வீடே பதறும். இருமலும் அடங்கி, தூளியில் சத்தமில்லாமல் வயிறு எக்கி எக்கி மூச்சு விடுகிற பிள்ளையை, "இப்பத்தான் அசந்து தூங்குறான், எழுப்பாதே" என்று விட்டுவிடுவார்கள். நான் பார்த்ததில் மோசமான பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவது ரகம். இருமல் சத்தம் எவ்வளவு பெரியது என்பதில் நோயின் கடுமை தெரியாது. மூச்சில்தான் தெரியும்.

படி 1: வயதைப் பாருங்கள்

இரண்டு மாதம் நிறையாத பிள்ளைக்குச் சட்டமே தனி. அந்த வயதில் நிமோனியா இருமலோடு வர வேண்டும் என்பதில்லை. பால் குடிப்பது குறையும், அழுகை மெலியும், அவ்வளவுதான். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 99.5 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினாலும், 95.9-க்குக் கீழே இறங்கினாலும் ஆஸ்பத்திரிதான். உடம்பு சில்லிட்டுப் போவதும் காய்ச்சலுக்குச் சமமான ஆபத்து. இதை வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள்.

குறைமாதத்தில் பிறந்தது, பிறந்தபோதே எடை குறைவு, இதயத்தில் ஓட்டை என்று ஏற்கெனவே சொல்லியிருப்பது, வயதுக்கேற்ற எடை ஏறாதது: இந்தப் பிள்ளைகளுக்கு, கீழே வருகிற முடிவுகளை எல்லாம் ஒரு படி கூடுதல் அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தொடாமல் பாருங்கள்

பிள்ளை அம்மா மடியிலேயே இருக்கட்டும். நீங்கள் நான்கடி தள்ளி உட்கார்ந்து ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். போனதும் தூக்கி, நெற்றியைத் தொட்டு, நாக்கை நீட்டச் சொன்னால் அது வீரிட்டு அழும். அப்புறம் எதையும் எண்ண முடியாது.

முகம் பார்க்கிறதா? கூப்பிட்டால் திரும்புகிறதா? கொலுசுச் சத்தத்துக்குக் கண் போகிறதா? காய்ச்சல் இருக்கும்போது சோர்ந்து கிடந்து, காய்ச்சல் இறங்கியதும் விளையாடுகிற பிள்ளையைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். காய்ச்சல் இறங்கியும் துவண்டு கிடந்தால் பயப்பட வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே நான்கு ஆபத்துக் குறிகளைக் கேட்டுவிட வேண்டும். பால் குடிக்கவோ தண்ணீர் விழுங்கவோ முடியவே இல்லையா? குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு, ஊர்ப்பேச்சில் சொன்னால் ஜன்னி, வந்ததா? எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடக்கிறதா? நான்கில் ஒன்று இருந்தாலும் மேலே எதையும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 3: மூச்சை எண்ணுங்கள்

வயிறும் நெஞ்சும் ஒருமுறை உயர்ந்து இறங்கினால் ஒரு மூச்சு. முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. பச்சைப் பிள்ளைகள் வேகமாக நாலு மூச்சு விட்டு, சில விநாடி நிறுத்தி, மறுபடி விடும். அது அவர்கள் இயல்பு. பெருக்கினால் கணக்கு உதைக்கும்.

பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்தது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இதுதான் வேகமூச்சு. 60, 50, 40 என்று பத்துப் பத்தாக இறங்குவதால் மறக்காது. இரண்டு மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கு 60 வந்தால் ஒருமுறைக்கு இரண்டு முறை எண்ணுங்கள். இரண்டாவது முறையும் 60 என்றால் உடனே கிளம்புங்கள்.

எண்ணுவதற்கு நல்ல நேரம் பிள்ளை தூங்கும்போது, அல்லது பால் குடித்து முடித்து அமைதியாக இருக்கும்போது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழுகிற பிள்ளையை எண்ணி 70 என்று எழுதி, கொட்டுகிற மழையில் தஞ்சாவூர் வரைக்கும் ஒரு குடும்பத்தை அனுப்பினேன். போகிற வழியிலேயே பிள்ளை தூங்கி, அங்கே எண்ணியபோது 36. அந்த அப்பாயி அதற்கப்புறம் ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காய்ச்சலும் மூச்சை வேகப்படுத்தும். மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியதும் மறுபடி எண்ணிப் பாருங்கள். வேறு ஆபத்துக் குறி எதுவும் இல்லையென்றால்தான் இந்தக் காத்திருப்பு.

படி 4: சட்டையைத் தூக்குங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்தால்கூடப் போதும் என்று சொல்வேன். ஆனால் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

ஒரு மார்கழி மாதம், நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்த ஏழு மாதப் பிள்ளை. அன்று காலையில்தான் ஒரு கிளினிக்கில் காட்டி சிரப் வாங்கியிருந்தார்கள். குல்லா, ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு துண்டு. "டாக்டர் பாத்துட்டாரு, சளிதானாம்" என்றாள் தாய். அங்கே யாரும் உடுப்பைக் கழற்றவில்லை என்பது கேட்டபோது தெரிந்தது. நான் துண்டை விலக்கி ஸ்வெட்டரை மேலே தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சின் அடிப்பாகம் பள்ளமாக உள்ளே போனது. எண்ணினால் 64. அன்று ராத்திரியே தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். சாதாரணமாக மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் இரண்டும் மேலே எழும்பும். நுரையீரல் சளியாலும் வீக்கத்தாலும் விறைத்துப்போனால் காற்றை இழுக்க, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம் என்ற தசை முழு பலத்தோடு உழைக்கும். பெரியவர்களின் விலா கெட்டியானது, எளிதில் வளையாது. சின்னப் பிள்ளையின் விலாவில் குருத்தெலும்பு அதிகம், வாழைப்பட்டை மாதிரி வளையும். அதனால் மூச்சு உள்ளே போகும் அந்த நேரத்தில், வயிறு எழும்ப, நெஞ்சின் கீழ் விளிம்பு எதிர்மாறாக உள்ளே குழியும். நெஞ்சு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் என்று தராசுத் தட்டு மாதிரி ஆடும்.

பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, உங்கள் கண் அதன் நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கத்திலிருந்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், தெளிவாகத் தெரியும். அழும்போது மட்டும், பால் குடிக்கும்போது மட்டும் குழிந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் மூக்கைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்தால், அது நெஞ்சு உள்வாங்கல். எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் ஆஸ்பத்திரி.

கூடவே மூக்கின் மடல் விரிந்து விரிந்து மூடுகிறதா, தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறதா, மூச்சுக்கு ஒருமுறை தலை ஆடுகிறதா என்றும் பாருங்கள். இவையெல்லாம் பிள்ளை மூச்சுக்காகப் போராடுகிறது என்பதற்கான அடையாளம். இங்கே ஒரு எச்சரிக்கை. வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு எண்ணிக்கை திடீரென்று குறைந்து, கூடவே துவண்டும் போனால், அது குணமாகவில்லை, களைத்துவிட்டது. அதைவிட அவசரம் வேறு இல்லை.

அரை நிமிடம் நெஞ்சை வீடியோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை அழத் தொடங்கிவிட்டால் டாக்டருக்கு அந்த வீடியோ உதவும்.

படி 5: காது கொடுத்துக் கேளுங்கள்

பிள்ளை வாய்ப்பக்கம் காதை வைத்துக் கேட்டால் நான்கு விதமான சத்தம் வரலாம். கர்ர் கர்ர் என்பது பெரும்பாலும் மூக்குச் சளி. மூக்கைச் சுத்தம் செய்தால் குறைந்துவிடும். "நெஞ்சுல சளி" என்று தூக்கி வரும் பிள்ளைகளில் பலருக்கு இதுதான். மூச்சு வெளியே விடும்போது விசில் மாதிரி நீண்டு வருவது இளைப்பு, இப்போது எல்லோரும் சொல்கிற வீசிங். மூச்சு உள்ளே இழுக்கும்போது சேவல் கூவுகிற மாதிரி கரகரப்பாக வந்தால் தொண்டைக்குழாய் வீங்கியிருக்கிறது. அமைதியாக இருக்கும்போதும் அந்தச் சத்தம் வந்தால் உடனே போக வேண்டும். போகும்போது வாயைத் திறந்து பார்க்கவோ விரலை விடவோ கூடாது. நான்காவது, ஒவ்வொரு மூச்சு முடிவிலும் 'ம்ம், ம்ம்' என்ற முனகல். பச்சைப் பிள்ளை முனகுவதை வயிற்றுவலி என்பார்கள். பல நேரம் அது நுரையீரலைத் திறந்து வைக்க அது படும் பாடு.

சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று புரையேறி இருமத் தொடங்கினால், என்ன தின்றது என்று தேடுங்கள். மாசி, பங்குனியில் எல்லா வீட்டுக் கூடத்திலும் உளுந்தும் பயறும் கொட்டிக் கிடக்கும். கடலைப் பருப்பு, புளியங்கொட்டை, பொம்மையின் பொத்தான் பேட்டரி எதுவாகவும் இருக்கலாம். இருமல் பிறகு அடங்கிவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். பொருள் குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். அடைத்துக்கொண்டு அழவும் இருமவும் முடியாமல் போனால், ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளையை முன்கையில் குப்புறத் தலைதாழப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

படி 6: நாக்கின் நிறம், ஆக்சிமீட்டர்

நம் பிள்ளைகள் மாநிறமும் கறுப்பும். முகத்தில் நீலம் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாய்ந்திருந்தால் கேள்வியே இல்லை, கிளம்ப வேண்டியதுதான்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீட்டில் இருக்கிறது. அது பெரியவர் விரலுக்குச் செய்தது. சின்ன விரலில் சரியாகப் பிடிக்காது. கை சில்லென்றிருந்தாலும், பிள்ளை கையை ஆட்டினாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லும். 90-க்குக் கீழே நிலையாகக் காட்டினால் உடனே ஓடுங்கள், 94-க்குக் கீழே என்றால் அன்றைக்கே காட்டுங்கள். ஆனால் நெஞ்சு குழிகிறபோது மீட்டர் 97 காட்டுகிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மீட்டரைவிடக் கண்ணை நம்புங்கள்.

படி 7: பாலும் மூத்திரமும்

வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்க விட்டுவிடுகிறது, ஆறேழு மணி நேரமாகத் துணி நனையவில்லை என்றால் அன்றே டாக்டர்.

சரி, எப்போது எங்கே?

படி 2-இல் கேட்ட நான்கு ஆபத்துக் குறிகளில் ஒன்று, அமைதியாக இருக்கும்போது நெஞ்சு உள்வாங்கல், முனகல், சேவல் மூச்சு, நீல நாக்கு, மூச்சு இடையிடையே நின்றுபோதல், இரண்டு மாதத்துக்குள் எந்தச் சந்தேகமும்: மணி எத்தனையானாலும் இப்போதே. பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்கு முதலில் போங்கள். மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை அரசு ஆஸ்பத்திரிகள், திருவாரூர் மருத்துவக் கல்லூரி, நாகைப் பக்கம் ஒரத்தூர் மருத்துவக் கல்லூரி என்று எது பக்கமோ அது. நேராகத் தஞ்சாவூர்தான் போவேன் என்று பைக்கில் பனியில் ஒரு மணி நேரம் போகாதீர்கள். 108 வண்டியில் ஆக்சிஜன் இருக்கும்.

வேகமூச்சு மட்டும் இருந்து, பிள்ளை முகம் பார்த்துப் பால் குடித்தால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நிமோனியா என்றால் அமாக்சிசிலின் கொடுப்பார்கள். சொன்ன நாள் வரைக்கும் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே சிரிக்கிறது என்று நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு என்று பிரிட்ஜில் வைக்கும் வழக்கத்தை என்னால் கடைசிவரை ஒழிக்க முடியவில்லை.

மூச்சு வேகமில்லை, நெஞ்சு குழியவில்லை, பால் குடிக்கிறது என்றால் அது சளி. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

போகிற வழியில்

பிள்ளையை நிமிர்த்தி நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். மூச்சு வாங்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்தின் பாட்டில், கடைசியாக எடுத்த எடை ஆகியவை கையில் இருக்கட்டும்.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போது

சளிக்குத் தாய்ப்பாலை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் கொடுப்பதற்கு முன் மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு விட்டுத் துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் தரலாம். அதற்குள் தேன் கூடாது, உரைமருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கவும் கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். இரண்டு மாதத்துக்குள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். பாட்டிலைப் படித்துப் பார்த்து ஊற்றுங்கள். சிரப்பில் 5 மில்லியில் 120 இருக்கும், இன்னொரு சிரப்பில் 250 இருக்கும், சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும். 8 கிலோப் பிள்ளைக்கு வேண்டியது 120 மில்லிகிராம். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 போய்விடும்.

இருமல் சிரப் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நச்சே இல்லாவிட்டாலும் அந்த வயதில் அதனால் பெரிய பயன் கிடையாது. மூக்கில் விடுகிற எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது, தொக்கம் எடுப்பது, கொதிக்கிற தண்ணீரில் ஆவி காட்டுவது எதுவும் வேண்டாம். ஆவி பிடிக்கப்போய் வெந்து வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். சாம்பிராணி, கொசுவத்தி, விறகடுப்புப் புகை, அப்பாவின் பீடி இவை இருக்கும் அறையில் பிள்ளையை வைக்காதீர்கள். தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டாமல் இருக்க அப்பாயிகளுக்கு மனசு வராது. அவர்களோடு வாதாடுவதைவிட, சாமி அறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது எளிது.

தடுப்பூசியில் நிமோனியாவுக்கான பிசிவி 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் அரசே இலவசமாகப் போடுகிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். ஏதாவது விட்டிருந்தால் அடுத்த புதன்கிழமை அட்டையோடு உங்கள் ஊர் நர்சைப் பாருங்கள்.

மறுபடி எண்ணுங்கள்

சாயங்காலம் சரியாக இருந்த பிள்ளை நடுராத்திரியில் மாறலாம். இரண்டு வயதுக்குள் வருகிற வைரஸ் இளைப்பு மூக்கு ஒழுகலாகத் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் பார்த்து "ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னது நான்காம் நாளுக்குச் செல்லாது. காலையிலும் படுக்கும் முன்பும் எண்ணுங்கள், சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சு சரியாக இருந்து இருமல் மட்டும் இரண்டு வாரம் வரை இழுப்பது சகஜம். அதைத் தாண்டினால் காசநோய், கக்குவான், ஆஸ்துமா எல்லாம் பார்க்க வேண்டும்.

எண்ணியதை அன்றைக்குக் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கச் சொல்வேன்: மணி, மூச்சு, காய்ச்சல், பால். ஒருமுறை ஒரு தாய் நான்கு தாளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். 38, 42, 44, 52. இரண்டு வயதுப் பிள்ளை. டாக்டர் நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார், பிள்ளையின் சட்டையைத் தூக்கினார், வார்டுக்கு எழுதிக் கொடுத்தார்.